மஹர் வீட்டுக்கு ஒரு லாயர்

நல்ல குரல்தான். ஆனால் என் வீட்டு வழக்குக்கு இந்தக் குரல் ஆகாது.

கூடத்துத் திரைக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து ஹபீபா பீவி இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் லாயர் சபாரத்தினம் மேசையைத் தட்டினார். கோப்பைகள் குலுங்கின.

"பூட்டை உடைச்சு உள்ளுக்குப் போனவன் கள்ளன்தானே? போலீஸ் கோர்ட்டில நிறுத்தி நான் நாலு கேள்வி கேட்டனெண்டா, ஆளுக்கு நாக்கு மேலண்ணத்தில ஒட்டிக்கொள்ளும்!"

"கேட்டீங்களா லாத்தா?" என்றான் தம்பி நாகூர் மீரான், பெருமை தாங்காமல். வீட்டுக்குப் பிற ஆண்கள் வந்தால் அக்கா திரைக்குப் பின்னால்தான். பேச்செல்லாம் அவன் மூலமாகத்தான்.

மீரானுக்கு அந்தப் பெருமை இருக்க நியாயம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் படகுத்துறையில் நடந்த அடிதடியில், செய்யாத குற்றத்துக்கு அவனைக் கூண்டில் ஏற்றினார்கள். சபாரத்தினத்தின் குரல்தான் அவனை மீட்டது. அன்றிலிருந்து லெபோ அச்சே தெரு முழுவதற்கும் அவர்தான் லாயர். அடிதடிக்கும் அவர், தலாக்குக்கும் அவர், ஆட்டுக்குட்டி காணாமல் போனாலும் அவர்.

இப்போது வீட்டுக்கும் அவர். இந்த வீட்டைக் கணவர் நிக்காஹ்வின்போது ஹபீபாவுக்கு மஹராக எழுதிக் கொடுத்திருந்தார். அவர் இறந்து, அவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருந்து முடித்த மறுவாரம், கீழே மசாலாக் கடை நடத்தும் கொழுந்தன் அப்துல் காதர் மாடிப் பின்னறைப் பூட்டை உடைத்துச் சீரக மூட்டைகளை அடுக்கினான். கடைப் பணத்தில் வாங்கிய வீடு, தனக்கும் பாதி உண்டு என்பது அவன் பேச்சு.

ஹபீபா தம்பிக்குத் தெரியாமல் வேறொன்று விசாரித்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு ரோஹானாவின் அண்ணன்மார் மூவரும் வாப்பாவின் சொத்தைப் பிரித்துக்கொண்ட பிறகும், பெருநாளன்று ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சோறு தின்றார்கள். பிரித்துக் கொடுத்த லாயர் யார் என்று கேட்டாள். டி குரூஸ் என்று ஒரு சட்டைக்காரர், வெள்ளைக்காரக் கலப்பு, பீச் ஸ்ட்ரீட்டில் இருக்கிறார் என்றாள் ரோஹானா. அவர் வழக்காடி யாரும் பார்த்ததில்லையாம்.

போன வாரம் அவரைப் பார்க்கப் போனாள். ஆண்பிள்ளை ஆபீசுக்குத் தனியாகப் போக முடியாது. துணைக்கு வீட்டில் இருந்த ஒரே பெண் காதரின் மனைவி சபூரா. இருவரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரே ரிக்‌ஷாவில் ஏறினார்கள்.

"எங்க லாத்தா போறோம்?"

"லாயரைப் பார்க்க."

"யார் மேல கேஸ்?"

"உன் புருஷன் மேல."

சபூரா தன் சேலையைக் குனிந்து பார்த்தாள். "முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா. நல்ல சேலையா உடுத்தியிருப்பேன்."

டி குரூஸ் ஒல்லியான மனிதர். மலாய் மொழியில், காதைக் கொடுத்துக் கேட்க வேண்டிய குரலில் பேசினார். கூட வந்தவள் யார் என்று கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "எதிராளியின் மனைவியா? அப்படியானால் வெளியே பெஞ்சில் இருக்கட்டும். கதவைத் திறந்தே வைக்கிறேன். அங்கிருந்து உங்களைப் பார்க்கலாம், நாம் பேசுவதைக் கேட்கக் கூடாது."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மஹருக்குச் சாட்சி காஜியாரிடம் இருக்கும், முதலில் அவரிடம் போங்கள். அது எனக்குத் தெரியாத விஷயம். பத்திரம் என் வேலை. அதை நான் பார்க்கிறேன். கொழுந்தனை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டுமானால் சபாரத்தினத்திடம் போங்கள். கெட்டிக்காரர். எனக்கு அது வராது."

தனக்கு வராது என்று சொல்லும் லாயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"ஒன்று கேட்கிறேன். வழக்கு முடிந்த மறுநாள் அந்த வீட்டில் யார் யார் இருக்க வேண்டும்?"

காதரைக் கூண்டில் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஹபீபாவுக்குள் இருந்தது. இரவில் அதை எடுத்து எடுத்துப் பார்த்துச் சுகம் கண்டிருந்தாள். அவன் தலை குனிந்து நிற்பதுவரைதான் அந்தச் சுகம் போகும். சபூரா எங்கே நிற்பாள் என்று அது ஒருநாளும் காட்டவில்லை. வாசலைப் பார்த்தாள். சபூரா பெஞ்சில் உட்கார்ந்து கச்சான் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்ததில் பாதியைத் தன் மடியில் தனியாக ஒதுக்கிவைத்திருந்தாள். அந்தப் பாதி தனக்கு என்று ஹபீபாவுக்குத் தெரியும்.

"எல்லாரும் இருக்கணும். வீடு என் பேரில் இருக்கணும். மூட்டை மட்டும் கீழே போகணும்" என்றாள்.

"அதைச் செய்யலாம்" என்றார் டி குரூஸ்.

இப்போது திரைக்கு அந்தப் பக்கம் மீரான், லாயர் எழுதி வந்த புகார் மனுவைப் படித்து முடித்திருந்தான்.

"லாயர் ஐயாகிட்ட கேளு தம்பி" என்றாள் ஹபீபா. "மஹர் விஷயம் காஜியார்கிட்ட போகணுமா?"

"எல்லாம் நான் பாத்துக்கொள்ளுவன்!" என்றது சபாரத்தினத்தின் குரல்.

"வீட்டுப் பத்திரம்?"

"அதுவும் நான்தான்! முதல்ல ஆளை உள்ளுக்குத் தள்ளுவம்."

திரையின் அடியில் மைப்பெட்டியும் காகிதமும் நகர்ந்து வந்தன. "பெருவிரலை வச்சிருங்க லாத்தா. மத்தியானமே கோர்ட்ல குடுத்துரலாம்."

ஹபீபா மையைப் பார்த்தாள். தம்பியை மீட்டுத் தந்த மனிதர் அனுப்பிய மை. அந்த நன்றி அவள் உயிருள்ளவரை குறையாது. அதை எப்படிக் காட்டுவது என்று நாளைக்கு யோசிக்கலாம். இந்த விரலால் அல்ல. கீழே கடையில் சபூரா எதற்கோ சிரிப்பது கேட்டது.

மைப்பெட்டியை மூடினாள். காகிதத்தை அதன்மேல் வைத்து, திரைக்கு அடியில் வந்த வழியே தள்ளினாள். பின்னாலேயே லாயருக்காகச் செய்து வைத்திருந்த இனிப்பு வட்டிலப்பத் தட்டையும் தள்ளினாள்.

"லாத்தா?"

"நான் வைக்கலை தம்பி. உன்னை மறுபடி யாராவது கூண்டுல ஏத்தினா, அன்னைக்கு லாயர் ஐயா வாசலுக்கு நானே வந்து நிப்பேன். இப்ப அவரைச் சாப்பிடச் சொல்லு."