சந்தேகத்துக்கு விதிவிலக்கு

மகளின் கழுத்திலிருந்து பள்ளி அடையாள அட்டையைக் கழற்றிய என் கணவர், அதை ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அன்றுதான் புதிதாகக் கொடுத்திருந்தார்கள். ஷூவை உதறிவிட்டுக் குட்டி பாட்டியிடம் ஓடியது.

"இவளுக்கு ஓ குரூப் ரத்தமாம்" என்றார். "நான் ஏபி. ஏபிக்காரனுக்கு ஓ குழந்தை பிறக்காது."

"அதனால?"

"அத நீதான் சொல்லணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளியில் தப்பாகப் பார்த்திருப்பார்களோ என்றுகூட இந்த மனுஷனுக்குத் தோன்றவில்லையே. கல்லூரியில் மேலைத் தத்துவம் கற்பிக்கிறவர். முதலில் நம்பு, பிறகு புரியும் என்று சொன்ன பழைய கிறிஸ்தவத் துறவிகளை வகுப்பில் ஒரு வாரம் கிண்டலடித்து முடித்துவிட்டு, எல்லாவற்றையும் சந்தேகித்து, சந்தேகப்படுகிற தன்னை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்ட அந்தப் பிரெஞ்சுத் தத்துவவாதியிடம் வந்துவிடுவார். இதையெல்லாம் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவள்தான் நானும். தன்னை மட்டும் மிச்சம் வைத்துக்கொள்வது எவ்வளவு வசதி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை ஒரு ஆதாரம் இல்ல. உனக்கே தெரியும்."

படிக்கிற காலத்தில் வா, போ என்று கூப்பிட்டவரை, கல்யாணத்துக்குப் பிறகு அவர் அம்மாவுக்காக, அதாவது என் அத்தைக்காக, வாங்க, போங்க ஆக்கியிருந்தேன். அன்று அந்த மரியாதை வாயில் வரவில்லை.

"சரி, நம்பிக்கைய விடு. நீ ஏபின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா சொல்லியிருக்காங்க."

"என்னைக்காவது ஊசி குத்திப் பாத்தியா?"

கடவுளைச் சந்தேகித்தார், எதிரே கிடக்கிற மேசையைச் சந்தேகித்தார். அம்மா சொன்னதை மட்டும் அப்படியே விழுங்கியிருக்கிறார். பொண்டாட்டி என்றால்தான் ஆதாரம் வேண்டும். ஊருக்குத்தான் உபதேசம். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டிருப்பேன், அதற்குள் குழந்தை அறைவாசலில் மிரண்டு நின்றது.

பின்னாலேயே அத்தை வந்தார். "உங்கப்பாவுக்கு ஏபிடா. அப்பனுக்கு இருக்கிறதுதான புள்ளைக்கும் இருக்கும்னு சொன்னேன். இதுக்கா இவ்ளோ சண்டை?"

தெருமுனையில் ரத்தப் பரிசோதனைக் கடை. குட்டியையும் கூட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினோம். அங்கிருந்த பெண் அவர் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் சொட்டுச் சொட்டாக வைத்துக் கலக்கிப் பார்த்தாள்.

"ஏ பாசிட்டிவ் சார்."

"ஏக்காரங்களுக்கு ஓ குழந்தை பிறக்குமா?" என்று கேட்டார் அவர்.

அவள் குழந்தையைப் பார்த்தாள், பிறகு என்னை. எனக்குக் கூசிப் போயிற்று.

"நீங்க என்ன குரூப்க்கா?"

"ஓ" என்றேன்.

"அப்ப தாராளமா பிறக்கும்."

அவர் பெருமூச்சு விட்டது அந்தக் கடை முழுக்கக் கேட்டிருக்கும்.

வெளியே வந்ததும், "மனசுல வெச்சுக்காத. இப்ப உன்ன முழுசா நம்பறேன்" என்றார்.

"இப்ப நீ நம்பல. தெரிஞ்சுகிட்ட, அவ்ளோதான். நம்ப வேண்டிய நேரத்துல நீ நம்பல."

"இங்கயும் தத்துவமா?" என்று சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. உடனே குட்டியின் பக்கம் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார். "வாடா கண்ணு, அப்பா தூக்கிக்கறேன்."

குட்டி நகரவில்லை. போகலாமா என்று அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்கள் விலகி விலகி நடந்துகொண்டிருந்த நடைபாதையில், அவர் கைகளை நீட்டியபடியே குனிந்திருந்தார்.