ஒற்றை வரிக் கடிதம்

சந்தேகமாவது வர வேண்டாமா எனக்கு என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள். மேசைமேல் கிடந்த கடிதத்தை எத்தனை முறை பார்த்தாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. கணவர் ரே இறந்த இந்த நான்கு மாதமாக இப்படித்தான். காப்பி சூடா, ஆறிவிட்டதா என்பதுகூடக் குடித்து முடித்த பிறகுதான் தெரிகிறது.

எதிரே அவள் தம்பி வெர்னன். அப்பா விட்டுப்போன அந்த ஆறு வீட்டுக் கட்டடம் இருவருக்கும் பொது. கீழ்வீட்டில் இருந்துகொண்டு அதைப் பார்த்துக்கொள்வது அவள்; குறை சொல்ல டுலூத் நகரின் மறுகோடியிலிருந்து பனியில் வண்டி ஓட்டி வருவது அவன்.

"இதெல்லாம் ஒரு கடிதமா? ஒத்த வரி. முத்திரை இல்ல, நாயோட போட்டோ இல்ல. என் மளிகை லிஸ்ட்டே இதவிடப் பெருசு."

"போன தடவ முத்திரை இருந்துச்சே, வெர்னன். தங்கக் கலர்ல."

போன தடவை வாடகைக்கு வீடு கேட்டு வந்த ஆளின் நாய் சிவப்புச் சட்டை போட்டிருந்தது. கழுத்தில் படம் ஒட்டிய அட்டை. வெர்னன்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பதிவு பண்ண நாய், பயமில்ல" என்று உடனே வீட்டைக் கொடுக்கச் சொன்னவன். உதவி நாய்களுக்கென்று ஒரு பதிவேடே நாட்டில் இல்லை, அந்த அட்டையை இணையத்தில் யாரும் வாங்கலாம் என்பது, நாய் மூன்று கதவு நிலைகளைக் கடித்துத் துப்பிய பிறகுதான் தெரிந்தது.

நேற்று வீடு கேட்டு வந்த ஜோலினிடம் அட்டை இல்லை, நாய்க்குச் சட்டையும் இல்லை. வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, நாயின் நான்கு பாதங்களையும் தன் கழுத்துத்துணியால் துடைத்த பிறகே உள்ளே வந்தாள். உடல்நிலைக்காக நாய் தேவைப்படுகிறதா, அது என்ன வேலை செய்யும் என்று இரண்டே கேள்விதான் மார்லிஸ் கேட்டாள்.

"ஆமாங்க, தேவைதான். நான் விழப்போறேன்னா எனக்கு முன்னாடியே இவனுக்குத் தெரிஞ்சிடும். முட்டி உக்கார வச்சிடுவான்" என்றாள் ஜோலின். "லீவே எடுக்கமாட்டான். என்னவிட நல்ல வேலைக்காரன்."

பேசி முடியும்வரை நாய் மார்லிஸின் பாதத்தில் தாடையை வைத்துக் கிடந்தது. கனம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. ஜோலின் இப்போது ஒரு தோழி வீட்டு சோஃபாவில் படுக்கிறாள். அங்கே நாய் கூடாதாம், வெள்ளிக்கிழமை வரைதான் கெடு. இன்று காலை மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்துவிட்டது: இவருடைய உடல்நிலைக்கு இந்த நாய் தேவை.

வெர்னன் போனை அவள் பக்கம் தள்ளினான். "ஆஸ்பத்திரிக்குப் போடு. என்ன வியாதி, எத்தன நாளா, எவ்வளவு மோசம்னு கேளு. சொல்லலன்னா வீட வேற ஆளுக்குக் குடுத்தாச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு."

"சட்டப்படி அத நாம கேக்கக்கூடாது."

"யாருக்குத் தெரியப்போவுது? உன் குரலக் கேட்டா பாவம்னு அவங்களே சொல்லிடுவாங்க."

ரே எப்படிப் போனார், எங்கே இருந்தார், முன்னாலேயே தெரியவில்லையா என்று தேவாலயத்தில், கடையில், படிக்கட்டில் கேட்டார்கள். கேட்ட எல்லாருக்கும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது வேறு யாரோ வீட்டில் நடந்ததாக ஆகிவிட்டது. எத்தனையாவது ஆளிடம் சொன்னபோது அப்படி ஆனது என்று அவளுக்கு நினைவில்லை.

போனை எடுத்து, திரை மேசையைப் பார்க்கும்படி கவிழ்த்து, அவன் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"நான் கேக்கமாட்டேன், வெர்னன். அந்தப் பொண்ண வெள்ளிக்கிழமை வந்து சாவிய வாங்கிக்கச் சொல்லப்போறேன்."