தாத்தா வளைவு

...குழாயை அத்தனை இறுக்கி மூடாதே, வாஷர் போயிடும், சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றுதான் அன்றைக்கு வண்டிக்குக் கிளம்பும்போது அவர் சொன்னார், அதுவும் முகத்தைப் பார்த்துக்கூட இல்லை, குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, கடைசிப் பேச்சு என்று தெரிந்திருந்தால் மனுஷன் வேறு ஏதாவது சொல்லியிருப்பாரா, மாட்டார், வாஷரைத்தான் சொல்லியிருப்பார்... பால் இன்னும் சூடேறவில்லை. முன்னறையில் மருந்துக்கடைக்காரர் பதிவுக் கருவியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஊருக்குக் குடிவந்து நாலைந்து வருஷம்தான் ஆகிறது, வண்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, அதற்குள் இந்த ஊர் ரயிலுக்குச் சரித்திரம் எழுதுகிறேன் என்று வீடு வீடாக ஏறி இறங்குகிறார். ஓர் எஞ்சின், மூன்று பெட்டி, வெங்காய மூட்டை, அதற்கு ஒரு புத்தகமா... அதை ஓட்டியவருடைய மனைவி, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். டீ போடுகிறேன் என்று இவள் எழுந்து உள்ளே வந்துவிட்டாள். இப்போது நாத்தனார் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நன்றாகத்தான் சொல்கிறாள். விளைந்தது மாட்டுவண்டியில் போய்ச் சேருவதற்குள் பாதி அழுகிப்போன காலம், ஆளாளுக்கு வயலில் ஒரு கீற்றைச் சும்மாவே எழுதிக்கொடுத்தது, முதல் வண்டி வந்த அன்று எருமைகள் அறுத்துக்கொண்டு ஓடியது, இரண்டு நாள் தேடியது... மருந்துக்கடைக்காரர் சிரிக்கிறார். சிரித்துவிட்டு எப்படியும் அங்கேதான் வருவார். வெங்காயக் கிடங்கிலிருந்து கோடு போட்ட மாதிரி நேராகப் போன தண்டவாளம் ஏன் அந்த ஒரு வயலில் மட்டும் வளைந்தது என்று கேட்காமலா போவார். அளந்தவர்கள் அடித்த முளை இவள் தாத்தாவின் கிணற்று நடுவில் விழுந்தது, மூடுவதானால் என்னையும் உள்ளே வைத்து மூடுங்கள் என்று மனுஷர் கிணற்றுமேட்டில் படுத்துவிட்டார், ரயில் சுற்றிக்கொண்டு போனது. ரயிலையே வளைத்த குடும்பம் என்று இவள் கல்யாணத்தில்கூடப் பெருமை பேசினார்கள். வண்டி ஓட்டிய அவரும்தான் கேலி பண்ணுவார், உங்க தாத்தாவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் தினமும் திரும்புறேன், மாமனார் வீட்டு மரியாதை விட்டுப்போகுமா என்று... அந்த வளைவு முடிகிற இடத்தில்தான் ரயில்வே கேட். வளைவு தாண்டினால்தான் கேட் கண்ணுக்குத் தெரியும். சோளம் ஏற்றிய டிராக்டர் தண்டவாளத்தில் சிக்கி நின்றது அவருக்குத் தெரிந்தபோது பிரேக் போட இடமில்லை. டிராக்டர்காரன் குதித்துவிட்டான். அவர் குதிக்கவில்லை. நேராகப் போயிருந்தால் அவ்வளவு தூரத்திலிருந்தே பார்த்திருப்பார்... தாத்தா செய்தது தப்பா? மழை பொய்த்த வருஷம் ஊரே அந்தக் கிணற்றுக்குத்தான் குடத்தோடு வந்தது, கரி எஞ்சின் ஓடிய நாளில் அதற்கும் அங்கேதான் தண்ணீர் பிடித்தார்கள். தப்பில்லை. தப்பில்லை என்றால் யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பையோடு வந்த நாத்தனார், தம்பி போன இந்த ஒன்பது வருஷமும் இங்கேயே இருக்கிறாள். ரயிலையும் நிறுத்திவிட்டார்கள், தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள், அவள் போகவில்லை. வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள், சண்டை வந்தால் துடைப்பம்வரை இழுப்பாள், உப்பு டப்பாவை இழுப்பாள், கிணற்றை மட்டும் இழுத்ததில்லை. உன் தாத்தா கிணறுதான் என் தம்பியை விழுங்கியது என்று ஒருநாள் சொல்லத்தான் போகிறாள் என்று இவள் காத்துக்கொண்டே இருந்திருக்கிறாள், கேட்டுவிட்டால் தேவலை என்றுகூடச் சில நாள்... இன்றைக்குச் சொன்னால் அது அச்சில் ஏறும், ஊர் படிக்கும்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா," என்கிறார் மருந்துக்கடைக்காரர். "லைன் அந்த வயல்கிட்ட மட்டும் ஏன் வளைஞ்சு போச்சு? பழைய ரயில்காரங்க தாத்தா வளைவுன்னு சொல்றாங்களே."

இவள் அடுப்பைத் தணித்தாள். பால் பொங்கும் சத்தத்தில் ஒரு சொல் தவறிப்போகக்கூடாது.

"அங்க ஒரு பாறை இருந்துச்சு," என்றாள் நாத்தனார். "பார்க்கக் கிழவன் ஒருத்தன் குந்தியிருக்கிற மாதிரியே இருக்கும். வெடி வெச்சும் அசையல. வேற வழியில்லாம சுத்திக்கிட்டுப் போயிட்டாங்க. எழுதிக்குங்க."

"இப்ப அந்தப் பாறை?"

"வீடு கட்ட உடைச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க ஊரு ஆளுங்க எதைத்தான் விட்டாங்க." பிறகு உள்பக்கம் திரும்பிய குரல். "என்னம்மா, மாட்டையே பிடிச்சுக் கறக்கிறியா? டீ வருமா வராதா?"

வருது அக்கா என்று குரல் கொடுத்தாள். இது நின்ற நிலையில் வருகிற பதில் இல்லையே, கிழவன், வெடி, வீடு கட்டியது, எல்லாம் தயாராக இருந்திருக்கிறது... எப்போது யோசித்து வைத்தாள்? அப்படியானால் இத்தனை வருஷமும் அவளுக்கும் அதே நினைப்புத்தானா, இந்தச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகவா... போய், பாறை இல்லை, என் தாத்தாதான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அக்கா முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்? டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். அந்த வயலை இத்தனை வருஷமாக உழுகிறவள் அக்காதான். எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்த மண்ணில் கைப்பிடியளவு கல்கூடக் கிடையாது.