ரயிலோடு போன பேஸ்

1

“இதைத் திரும்பச் செய்யணும் சார். பேஸை நாமளே வெட்டிட்டோம்.”

முதலில் இந்த வாக்கியம்தான் வந்தது, கதை பிறகு. சியோலில் பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் சுத்தம் செய்து வெளியிடும் ஸ்டுடியோவில் நான் வேலை பார்த்தபோது, இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்வதற்காகவே ஹேரிமை உண்டாக்கினேன். முடிந்த வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லி முதலாளியிடம் கேட்டுவிடாதே என்று, சேர்ந்த அன்றே, கூட வேலை பார்க்கும் நாம்சூக் அக்கா அவளை எச்சரித்திருந்தாள்.

2

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் ஹேரிம்—’

வேண்டாம். மழைக்கு இதில் வேலையில்லை. ரயிலுக்குத்தான் இருக்கிறது.

ஸ்டுடியோ நிலவறையில். சுவருக்கு அப்பால் பாதாள ரயில், வாடகை மலிவு. ரயில் போனால் ஊசி அதிரும், உறுமல் பதிவில் ஏறும். அதை ஒழிக்க முதலாளி தாக், பேஸ் என்கிற கீழ்ஸ்தாயியையே வடிகட்டி வைத்து வெட்டுவார். எல்லாத் தட்டுக்கும் ஒரே வெட்டு. தன் வீட்டு இரைச்சலுக்கு அடுத்தவர் பாட்டைத் தண்டிக்கிற வேலை.

ஹேரிம் கைக்கு வந்த தட்டைக் கொண்டுவந்தவர், அதில் பாடிய பாடகரின் மகன். பேஸ் கிடார் வாசித்தது ஒரு பெண்ணாம். பெயர் வீட்டில் யாருக்கும் நினைவில்லையாம்.

(அந்தப் பெண் நேரில் வந்து கேட்டு அழுவதாக ஒரு காட்சி எழுதினேன். அடித்துவிட்டேன். யாரும் வரவில்லை.)

3

ஒரு ஒலிக்காக ஹேரிம் வேலையை விடுவாளா? எனக்கே சந்தேகம்தான். அவள் இருப்பது கட்டிலும் மேசையும் மட்டும் கொள்ளும் வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிம்பாப் சோற்றுச்சுருள் வாங்கும்போது கடைக்காரரிடம் சொல்லும் ‘ஒண்ணு குடுங்க’தான் அன்றைய மொத்தப் பேச்சு. தட்டில், பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் அந்தப் பெண் அவருக்காகக் கொஞ்சம் நின்று வாசிக்கிறாள். சுத்தம் செய்த பதிவில் அவள் இல்லை. பாடகர் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

அதை ஹேரிமால் தாங்க முடியவில்லை. வழியும் கண்டுபிடித்தாள். அது பழைய ஒற்றைத்தடத் தட்டு: பாட்டு ஊசியைப் பக்கவாட்டில் ஆட்டும், ரயில் மேலும் கீழும் உலுக்கும். பதிவின் இடது, வலது தடங்களை ஒன்றாகக் கலந்தால் ரயில் பெரும்பாலும் அழிந்துவிடும், பேஸ் நிற்கும். முதலாளியிடம் அந்த முதல் வாக்கியத்தைச் சொன்னாள், செய்தும் காட்டினாள்.

தாக் முழுவதும் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. அதான் பிரச்சினை. இது வெளிய போனா, முன்னாடி போன தட்டுலெல்லாம் பேஸ் எங்கடான்னு கேப்பான். குடும்பத்துல முதல்ல காலேஜ் வாசலை மிதிச்சவ இல்லையா, அதான் வாய் நீளுது. பழசையே அனுப்பு.”

“பொழைக்கத் தெரியாதவ,” என்றாள் நாம்சூக் அக்கா, திரையைப் பார்த்தபடி.

4

முடிவு ஒன்று: அனுப்பிவிடுகிறாள். உலக வழக்கம்.

முடிவு இரண்டு: முதலாளி மனம் மாறி— இல்லை. அப்படி ஒரு முதலாளியை நான் பார்த்ததில்லை.

மூன்றாவதை யோசிப்பதற்குள் ஹேரிம் தட்டை உறையில் போட்டு, உள்ளே போடும் செருப்பைக் கழற்றி, ஷூவை மாட்டிக்கொண்டாள்.

“தட்டைக் கொண்டுவந்தவர்கிட்டயே குடுத்துடறேன் சார். என்ன வெட்டினோம்னும் சொல்லிடறேன்.”

“அப்புறம் இந்தப் பக்கம் வராதே.”

“வரல சார்.”

அந்த மகன் கோபப்படுவாரா, ‘பேஸ் இல்லாட்டி என்னம்மா’ என்பாரா? நான் எழுதப்போவதில்லை. அவர் இடத்தில் கதவைத் திறப்பவர் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் படியேறித் தெருவுக்கு வந்துவிட்டாள்.