பிரேக்குக்கு விட்ட எண்ணெய்

தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவனுக்குத் தெரிந்த ஒரே மருந்து எண்ணெய். கீச்சென்றால் ஒரு சொட்டு, இறுகினால் இன்னும் கொஞ்சம். அந்த வீட்டு மாப்பிள்ளைக்கு அதுதான் தொழில். கதவு, மின்விசிறி, மாமியாரின் இரும்புக் கட்டில் என்று அவன் வாயடைக்காத சாமான் அந்த வீட்டில் இல்லை.

மாமனாரின் பழைய மோட்டார் சைக்கிளில் பின் சக்கர பிரேக் தேய்ந்துபோனபோது, "மெக்கானிக் எதுக்கு மாமா? நான் இருக்கேன்ல?" என்று மார்தட்டினான். அந்த வண்டி மாமனாருக்கு உயிர். வேறு யாராவது கேட்டிருந்தால் கையை உடைத்திருப்பார். மாப்பிள்ளையாயிற்றே, மறுக்க வாய் வரவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, வேலையைச் சுத்தமாகத்தான் செய்தான். பின் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்முக்குள் படிந்திருந்த கறுப்புத் தூளை ஈரத்துணியால் துடைத்தான். டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்தும் புது பிரேக் ஷூக்கள் இரண்டையும் ஸ்பிரிங்கோடு மடக்கி, டிரம்மை மூடும் தட்டில் வைத்து அமுக்கினான். ஸ்பிரிங் நழுவிக் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. அதையும் பொறுத்துக்கொண்டு சக்கரத்தை மாட்டி, நட்டைத் திருகி, தெருவில் ஓட்டி மிதித்தான். வண்டி நச்சென்று நின்றது. கூடவே தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கிறீச்சல்.

புது ஷூ படிகிற வரைக்கும் அப்படித்தான் கத்தும், ஓட ஓட அடங்கிவிடும். அது இவனுக்குத் தெரியாது. "என்ன மாப்பிள்ளை, வண்டிக்குள்ள கழுதையைக் கட்டி வச்சிருக்கீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டதும் மானம் போயிற்று. கை தானாக எண்ணெய்க் குப்பிக்குப் போனது. தட்டுக்கும் டிரம்முக்கும் நடுவே இருந்த இடுக்கில் குப்பியின் நீண்ட மூக்கை விட்டு, தாராளமாகவே பீய்ச்சினான். வாசலில் உருட்டி லேசாக மிதித்துப் பார்த்தான், சத்தம் இல்லை. நிற்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

மறுநாள் காலை இறக்கத்தில் மாமனார் பிரேக்கை மிதித்தார். வண்டி வழுக்கிக்கொண்டே போய் ஒரு சுவரில் முட்டியது. முன் பிரேக் எப்போதுமே பேருக்குத்தான். நல்லவேளை, தோள் பிசகியதோடு போயிற்று.

வண்டியை எடுத்துவரப் போன மாப்பிள்ளை பின் சக்கரத்தைப் பார்த்தான். கம்பிகளில் எண்ணெய் வழிந்திருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் துடைத்தான்.

வீட்டில் மாமனார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "பிரேக்ல ஒரு குறையும் இல்ல. மாப்பிள்ளை பார்த்த வேலை அது. என் கால்தான் அமுத்தல. அண்ணனுக்கும் இப்படித்தானே முதல்ல கால்ல ஆரம்பிச்சுது?"

அவருடைய அண்ணன் பக்கவாதத்தில் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லியும் மாமனார் நம்பவில்லை. மாப்பிள்ளை நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். நாளையும் வந்தது, தோள் வலி குறையட்டும் என்று தள்ளினான். ஒருநாள் ஜன்னல் வழியே பார்த்தபோது, மாமனார் கட்டிலில் உட்கார்ந்து சுவரைக் காலால் அமுக்கிக்கொண்டிருந்தார். அமுக்குவார், பாதத்தைப் பார்ப்பார், மறுபடி அமுக்குவார். பார்த்தவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்போதும் உள்ளே போய்ச் சொல்லாமல் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் கூப்பிட்டு வண்டிச் சாவியை அவன் கையில் வைத்தார். "இனிமே எனக்கு வேண்டாம் மாப்பிள்ளை. வெளி ஆளுக்குக் கொடுக்க மனசு வரல. நீங்க வச்சுக்கங்க. உங்க கையில இருந்தா பத்திரமா இருக்கும்."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. "மாமா, உங்க கால் நல்லாத்தான் இருக்கு. சத்தம் வருதுன்னு நான்தான் பிரேக்குக்குள்ள எண்ணெய் விட்டேன்."

அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றான்.

"அப்போ என் கால்ல ஒண்ணும் இல்லியா?"

"இல்ல மாமா."

"சத்தியமா?"

"சத்தியமா."

மாமனார் எழுந்து நின்றார். காலைத் தரையில் ஓங்கி உதைத்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "என் வயித்துல பாலை வார்த்தீங்க மாப்பிள்ளை! நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று அவன் கை இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது அவனுக்கு.

வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். அப்பா அழுவதைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"எண்ணெயாலதான்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

அவன் கைகள் இன்னும் மாமனாரின் கைகளுக்குள்தான் இருந்தன.

"அன்னைக்கே" என்றான்.