நம்ம எலிங்க

அப்பாவின் வலது கையில் வெள்ளை உறை ஏறவில்லை. ஜெர்லின் மறுபடியும் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள். நோய் வந்த பிறகு இறுகிச் சுருண்டுபோன விரல்கள். நேற்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் உயிர் போன பிறகும் அவை நிமிரவில்லை.

"வுட்டுடு ஜெர்லி," என்றான் அண்ணன் டோமினிக். "ஃபாதர் வந்துகினு இருக்காரு. கை மேல செபமாலைய சுத்தி வெச்சா தெரியாது."

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. சென்னை ஆய்வகத்திலிருந்து பரிமளா, காலையிலிருந்து விடாமல். உறையை அண்ணன் கையில் திணித்துவிட்டு ஜெர்லின் பின்பக்கம் போனாள்.

"இன்னிக்குப் போய் கூப்பிடறேன், தப்பா எடுத்துக்காத," என்றாள் பரிமளா. "மிச்சம் இருந்த ரெண்டு எலியும் படுத்துடுச்சு. தீனி எடுக்கல, எடை ரொம்ப எறங்கிடுச்சு. விதிப்படி இன்னிக்கே உயிர முடிச்சிடணும். இல்ல, வலிக்கு ஊசி போட்டுத் திங்கக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கலாமான்னு கால்நடை டாக்டர்கிட்ட கேக்கவா?"

அந்த எலிகளுக்குப் பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி கிடையாது. மனித ரத்தத்தின் வெள்ளணுக்களை அவற்றுக்குள் செலுத்தினால், எலியின் உடம்பில் மனிதனின் காவல்படை வேலை செய்யும். மனிதரிடம் செய்துபார்க்க முடியாததை அங்கே செய்துபார்க்கலாம். அப்பா சின்னப்பராஜுக்கு வந்தது, அந்தப் படையே தன் தோலையும் நுரையீரலையும் தாக்குகிற நோய். திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர், விரல் மடங்கியதும் கடையை மூடினார். மகள் இதே நோயைத்தான் ஆராய்கிறாள் என்று தெரிந்ததும் தானாகவே பஸ் ஏறிப் போய்க் கையை நீட்டினார். ஆராய்பவளின் அப்பாவாயிற்றே என்று பேராசிரியர் தயங்கியபோது, "யாரு ரத்தமா இருந்தா இன்னா சார், எடுங்க," என்றார். அதற்குப் பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் போன் வரும். மகள் சாப்பிட்டாளா என்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்: "நம்ம எலிங்க எப்பிடி இருக்குதுங்க?"

"கேளு," என்றாள் ஜெர்லின். "திங்கக்கிழமை வரைக்கும் வெச்சிரு. நான் வந்துடறேன்."

போனை வைத்த பிறகு அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. துவைக்கிற கல்லுக்கும் வேலிக்குமாக நடந்தாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். உள்ளே பெண்கள் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போய் என்ன செய்யப்போகிறாள்? எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து கேட்கவில்லை என்று போன வாரமே ஆய்வுக் குறிப்பில் எழுதியாகிவிட்டது. கூண்டைத் திறந்து பார்ப்பாள். அவ்வளவுதான்.

அம்மா சூசை மேரி வந்து நின்றாள். அழுது தொண்டை கட்டியிருந்தது.

"ஆபீஸ்லேர்ந்தா?"

"ஆமாம்மா. எலிங்களப் பத்தி."

"அவுரு ரத்தம் இன்னும் அதுங்க ஒடம்புல ஓடிக்கினுதான இருக்குது?"

"ரத்தம்னு இல்லம்மா. அதுல இருக்கிற அணுங்க. உசுரோடதான் இருக்குது."

அம்மா முகம் சற்றே தெளிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு கேட்டாள்: "அதுங்களுக்கும் மூச்சு வாங்குதா? கடைசியில அவுருக்கு வாங்கின மாதிரி?"

ஜெர்லின் பொய் சொல்லியிருக்கலாம்.

"வாங்குதும்மா."

சரியாக மூடாத குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதை இறுக்கித் திருகிவிட்டு உள்ளே போனாள்.

ஜெர்லின் பரிமளாவை அழைத்தாள். "டாக்டர்கிட்ட கேக்க வேணாம். இன்னிக்கே முடிச்சிடு."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும். தனித்தனியா பிரிக்காத. ஒண்ணாவே இருக்கட்டும்."

"நானே செய்யறேன். வேற யார்கிட்டயும் தரல," என்றாள் பரிமளா.

அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பரிமளாவிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஜெர்லின் அதைத் திறக்கவில்லை.

முந்தின ராத்திரி உடம்பை வைத்திருந்த ஐஸ் பெட்டியை எடுக்க ஆள் வந்து காத்திருந்தார். டோமினிக் ஒரு பக்கம் பிடித்து வேனில் ஏற்றிவிட்டான். கூடத்துத் தரையில் பெட்டி இருந்த இடம் நீளமாக ஈரம் படிந்து கிடந்தது. பக்கத்து வீட்டு லூர்துமேரி துணியோடு குனிந்தாள்.

"இருக்கட்டும்," என்றாள் அம்மா.

சமையலறைக்கும் வாசலுக்குமாக டீ டம்ளர்களோடு அம்மா போய்வந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த ஈரத்தை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிப் போனாள்.

ஜெர்லின் எழுந்து போய், அந்த ஈரத்துக்கு மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள்.