மூடுவதும் அணைப்பதும்

1

இந்தக் கதை ஓர் அறிவிப்புப் பலகையில் தொடங்கியது. டயகம தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, மலையில் கூடாரம் போட வருகிறவர்களுக்காகச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் நின்ற பலகை. காடு எரிந்து ஓர் உயிரும் போன பிறகுதான் அதற்குத் தமிழ் தேவைப்பட்டது. பட்டதாரியாம், என்னைக் கூப்பிட்டார்கள். ‘நெருப்பை முற்றாக அணைக்கவும்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

2

பனி விலகிய மலைமுகட்டில் கூடாரங்கள் பூக்களைப் போல

(வேண்டாம். அது கொழும்புக்காரர்கள் எடுத்த படம்.)

மறுபடி. தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் சுதர்ஷினியின் புருசன் சிவசாமி, கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு வழிகாட்டியாகப் போனான். காலையில் அவர்கள் இறங்கிவிட்டார்கள். அவர்கள் மூட்டிய நெருப்பை அவன் பார்த்துக்கொண்டான். மத்தியானக் காற்றில் மானாப்புல் பற்றியது. சரிவில் மாட்டுக்குப் புல்லறுத்த பூரணி, சுதர்ஷினியின் தங்கை, வீடு திரும்பவில்லை. சிவசாமி ரிமாண்ட் சிறையில். (கொழும்புக்காரர்களின் பெயரை எவனும் கேட்கவில்லை. என் கதையிலும் அவர்களுக்குப் பெயரில்லை.)

3

கம்பிக்கு இந்தப் பக்கம் சுதர்ஷினி.

“நல்லா மூடிட்டுத்தான் வந்தேன் சுதா. மண்ண அள்ளி அள்ளிப் போட்டேன்.”

“தண்ணி?”

“இருந்த தண்ணியில அவங்க காலு கழுவிட்டாங்க.”

“ஏங்க, லயத்துல ராத்திரி அடுப்ப சாம்பலப் போட்டு மூடுறது எதுக்கு? காலைல ஊதுனா பத்திக்கணும்னுதானே? காட்டையும் அப்படி மூடி வச்சிட்டு வந்தீங்களாக்கும்!”

அவன் அழுதான். “லோயரு, தண்ணி ஊத்தி அணைச்சேன்னு சொல்லச் சொல்றாரு. நீ என்னா சொல்ற?”

(இங்கே அவளை மன்னிக்க வைத்தேன், பொய்யாக இருந்தது, வெட்டினேன். அறைய வைத்தேன், கம்பி குறுக்கே நின்றது.)

சுதர்ஷினி திரும்பி நடந்துவிட்டாள்.

4

முடிவு, ஒன்று: பூரணி புல்லறுக்கப் போகுமுன் மழை

(பங்குனி மாதம். பெய்யவில்லை. மழையை எழுதுவது எனக்கு லேசு.)

இரண்டு: கொழும்புக்காரர்கள் திரும்பி வந்து, தப்பு எங்களுடையது என்று

(எனக்கே சிரிப்பு வருகிறது.)

மூன்று: நீதிமன்றம். மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்: “நெருப்ப அணைச்சியா, இல்லியா?”

அணைத்தேன் என்றால் சிவசாமி வீட்டுக்கு வரலாம். பூரணி யாராலும் சாகாதவள் ஆவாள். மூடினேன் என்றால் பூரணிக்காக ஒருவன் உள்ளே போவான்; அந்த ஒருவனும் லயத்துக்காரன்தான்.

அவன் நீதவானைப் பார்க்கவில்லை. சுதர்ஷினியைப் பார்க்கிறான். அவள் தலையை ஆட்டினால் போதும்.

எந்தப் பக்கம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்களே ஆட்டுங்கள். ஆட்டிவிட்டு, அவளோடு டயகம பஸ்ஸில் ஏறிப் போய், அக்காள் தங்கை இருவரையும் பெற்றவளிடம் நீங்களே சொல்லுங்கள்.